சங்கு ஊதினால் பந்து நிற்கும்

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். தைத்து வரும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்தோல் பாகத்தை, கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். தையல் ஒழுங்காக இருந்தால் அடுத்த மேஜைக்குப் போகும். கோணலாக இருந்தால் தைத்தவரிடமே திரும்பிப் போகும். லீவு நாட்களில் கால்பந்து நடுவர். என் வீட்டுக்காரருக்கு இது இரண்டும் ஒரே வேலைதான்.

"வாரம் பூரா தப்பு கண்டுபுடிக்கிற. லீவு அன்னிக்கும் விசிலை மாட்டிக்கினு போய் தப்பு கண்டுபுடிக்கிற. வீட்ல மட்டும் சும்மாவா இருக்குற?" என்பார்.

அவர் வேறொரு கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். காலையில் ஊர் ஊராகப் போய் பெண்களை ஏற்றிவந்து, சாயங்காலம் வேலை முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியதும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பஸ். நான் பதில் சொல்லமாட்டேன். அவர் சொல்வது உண்மை என்பதால் இல்லை, பதில் சொன்னால் பேச்சு நீளும்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சட்டைப் பையின் மேல் தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் முத்திரை குத்திய பேட்ஜ் வேண்டும். மாநில அளவு நடுவராக ஆகிவிட்டேன். அடுத்த படி தேசிய நடுவர். அதற்கு ஓட்டத் தேர்வு, எழுத்துத் தேர்வு, பிறகு உண்மையான ஆட்டத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து நாம் நடத்துவதைப் பார்த்து எழுதும் மதிப்பீடு. எல்லாவற்றுக்கும் மேலே வயது வரம்பு. முந்தைய வருடம் கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டேன். இந்தத் தடவையும் தவறினால் எனக்கு வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக ஊதினாலும் ஆம்பூர், வாணியம்பாடி, மிஞ்சினால் திருப்பத்தூர்.

எங்கள் பக்கம் சம்மேளனம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. இந்தியா தோற்றால் திட்டுவதற்கு தில்லியில் ஓர் ஆபீஸ் இருக்கிறது என்ற அளவுக்குத் தெரியும். நான்தான் பரீட்சைக்குப் படிக்கப் போய், பரீட்சையில் கேட்காததையும் சேர்த்துப் படித்துவைத்தேன். சம்மேளனம் சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்னால், வெள்ளைக்காரன் காலத்திலேயே ஏற்பட்டது. அதற்கு முன் வங்காளத்துச் சங்கம்தான் நாட்டுக்கே பெரியவர் போல இருந்திருக்கிறது. மற்ற மாகாணங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டு, சமாதானம் பேசி, சிம்லாவில் கூடிப் பொதுவாக ஒன்றை வைத்தார்கள். பிறந்ததே பஞ்சாயத்தில் என்பதால், பிறகு வந்த பஞ்சாயத்துகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. யார் எந்த அணிக்கு ஆடலாம், யாருக்கு எத்தனை ஆட்டம் தடை, யார் பயிற்சி தரலாம், யார் விசில் ஊதலாம், எல்லாம் அங்கிருந்துதான் இறங்கி மாநிலச் சங்கத்துக்கு வரும், அங்கிருந்து மாவட்டத்துக்கு. நாங்கள் கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

சில வருடங்களுக்கு முன் உலக அமைப்பு நம் சம்மேளனத்தையே தள்ளிவைத்தது. வெளியார் தலையீடு என்று காரணம் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் லைனில் நின்றுகொண்டே திருட்டுத்தனமாகப் போனைப் பார்த்தேன். நாட்டுக்கே ஆட்டம் இல்லை என்றால் நடுவர் எதற்கு? கொஞ்ச நாளில் தடையை நீக்கிவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரி, "உன்னைக் கேட்டுட்டா தூக்குனாங்க?" என்று சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத்தான் பூட்ஸ் கதையைச் சொன்னேன். சுதந்திரம் வந்த அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் ஆட்களில் பாதிக்கு மேல் வெறுங்காலோடு ஆடினார்கள். உலகக் கோப்பைக்கு பிரேசில் போகாமல் விட்டதும் வெறுங்காலால்தான் என்று டீக்கடையில் சொல்வார்கள். அது கதை. தூரம் என்பார்கள், ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்று அப்போது நினைத்தார்கள் என்பார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடுத்த ஒலிம்பிக்ஸில் ஹெல்சிங்கிக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் பத்து கோல் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் இனி எல்லோரும் பூட்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று சம்மேளனம் சொன்னது.

"பூட்ஸைப் போடுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸா? நம்மள கேட்டிருந்தா இங்கேந்தே ஒரு லாரி அனுப்பியிருப்போமே," என்றாள் அவள்.

அனுப்பியிருக்க முடியாது. நாங்கள் செய்வது ஐரோப்பாப் பெண்கள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ. ஊரெல்லாம் தோல், ஊரெல்லாம் ஷூ, ஆனால் நான் போட்டு ஓடுவது பஞ்சாபில் ஜலந்தரிலிருந்து வந்த பூட்ஸ். அதன் தையலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இப்போது அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய கம்பெனிகளுக்கு எதிரே காலி இடம் இருந்தால் அதுதான் மைதானம். ஒரு பக்கம் கம்பெனி கேட், மறுபக்கம் நெடுஞ்சாலை, சாலையோரம் வரிசையாக கம்பெனி பஸ்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டைத் திறப்பார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் டிபன் டப்பா பையோடு மைதானத்தின் குறுக்கே நடந்து பஸ்ஸுக்குப் போவார்கள். சுற்றிப் போனால் ஜன்னலோர சீட் கிடைக்காது. ஒரு காலத்தில் யாரோ அடித்த பந்து ஒரு அம்மாவின் முகத்தில் பட்டு மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். பெரிய தகராறாகி, அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. சங்கு ஊதினால் பந்து நிற்கும். யாரும் விசில் ஊதவேண்டாம். பந்து யார் காலில் இருக்கிறதோ அவர் அதை அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். கோல் கீப்பர் போய்த் தண்ணீர் குடிப்பார். கடைசிப் பெண் கடந்து போனதும் அதே இடத்தில், அதே காலில் ஆட்டம் தொடரும். நின்ற நேரத்தில் ஒருவன் பந்தைத் தொட்டால் அவனை அதற்குப் பிறகு எந்த அணியிலும் சேர்க்கமாட்டார்கள். ஆம்பூரில் நான் ஆடிய மைதானத்திலும் இதேதான். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது.

என்னை மதிப்பிட ஒதுக்கிய ஆட்டம் வாணியம்பாடிப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு மைதானத்தில் விழுந்தது. மாநிலப் பெண்கள் லீக்குக்கான தகுதி ஆட்டம். வழக்கமான மைதானத்தில் புல் போட்டுக்கொண்டிருந்ததால் ஒரு கம்பெனி தன் இடத்தைக் கொடுத்தது. உள்ளூர் அணியில் பாதிப் பேர் அதே கம்பெனியில் தைப்பவர்கள், மீதிப் பேர் காலேஜ் பெண்கள். எதிர் அணி சென்னையிலிருந்து வந்திருந்தது. உள்ளூர் அணிக்கு டிரா போதும், மேலே போய்விடும். சென்னை அணி ஜெயித்தே ஆகவேண்டும். நான் வாணியம்பாடி இல்லை, ஆம்பூர்க்காரி என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. என்னை மதிப்பிட வந்தவர் பழைய தேசிய நடுவர், சென்னைக்காரர், ஷாமியானாவுக்குள் உட்கார்ந்தும் குடையை மடக்காதவர். அன்றைக்கு ஆள் போதாமல் ஆட்ட ஆணையர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ஆட்டத்தைப் பற்றிப் புகார் வந்தால் முதலில் கேட்கவேண்டியவர் அவர்.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். ஆட்டம் முடியும்வரை ஆட்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள், அப்படியே செய்தார்கள். பஸ்களையும் பின்பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். சங்கை நிறுத்தவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நேரத்துக்குத் தானாக ஊதுவது. தினம் கேட்கிற சத்தம் யாருடைய நினைவிலும் இருப்பதில்லை, என் நினைவிலும் இல்லை.

இரண்டாம் பாதி. கோல் எதுவும் விழவில்லை. நான் நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தேன், சொல்லிக்கொள்வதில் வெட்கம் என்ன? பந்து உள்ளூர் கேப்டனின் காலில் இருந்தது. அவள் தடுப்பாட்டக்காரி, அந்தக் கம்பெனியிலேயே தையல் லைனில் இருப்பவள். யாருக்குத் தட்டலாம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். சங்கு ஊதியது.

அவள் பந்தை விட்டுத் தள்ளி நின்றாள். அவள் பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கீப்பர் கம்பத்தின் அருகே வைத்திருந்த பாட்டிலை எடுக்கக் குனிந்தாள். உள்ளூர் அணியில் ஒருத்திகூட அசையவில்லை. கேட் சாத்தியிருந்தது. கடந்து போக ஒரு ஆள் இல்லை. வெறும் மைதானத்தில் வராத கூட்டத்துக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

சென்னை அணியின் முன்னாட்டக்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, காலியாகக் கிடந்த கோலுக்குள் தட்டிவிட்டாள். அவள்மேல் தப்பே இல்லை. விசில் ஊதும்வரை ஆடு என்றுதான் எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித்தருவார்கள்.

பிறகு வந்த கூச்சல் இருக்கிறதே! உள்ளூர்ப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சங்கு ஊதிச்சிக்கா! சங்கு ஊதிச்சி!" என்று கத்தினார்கள். சென்னைப் பெண்கள், "நீங்க விசில் ஊதலையே மேடம்!" என்று கத்தினார்கள். இரண்டு பக்கமும் உண்மையைத்தான் கத்தியது.

விதி எனக்கு மனப்பாடம். பார்வையாளர் ஒருவர் விசில் ஊதி, அது ஆட்டத்தில் குறுக்கிட்டது என்று நடுவர் கருதினால் ஆட்டத்தை நிறுத்தவேண்டும், பந்தைக் கையிலிருந்து போட்டு மறுபடி தொடங்கவேண்டும். விசில் என்றுதான் எழுதியிருக்கிறது, சங்கைப் பற்றி எழுதவில்லை. ஆனால் நடுவர் கருதினால் என்று எழுதியிருக்கிறது. குறுக்கிட்டதா, இல்லை இவர்கள் தூங்கிவிட்டார்களா? யோசிக்கும்போது கீழே பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். சங்கு ஊதியபோது எங்கே இருந்தேனோ அங்கேயேதான் இருந்தேன். அவள் பந்தோடு ஓடியபோது பின்னால் ஓடவேண்டிய நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. எனக்கும் கால் நின்றுவிட்டிருந்தது.

அதற்கு மேல் என்ன கருதுவது? கோல் இல்லை என்று கையை ஆட்டினேன். சங்கு ஊதியபோது பந்து இருந்த இடத்துக்குப் போய், உள்ளூர் கேப்டனுக்குப் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். மீதி நேரம் முழுக்கச் சென்னை அணி என்னைப் பார்வையாலேயே எரித்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

சென்னைப் பயிற்சியாளர் உடனே ஷாமியானாவுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். "சார், சத்தம் ரெண்டு டீமுக்கும்தான் கேட்டுச்சு. எங்க பொண்ணுங்க நிக்கல. அவங்க தூங்கினா அதுக்கு நாங்க என்ன பண்றது? இதுல குறுக்கீடு எங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான், எனக்கே பதில் சொல்லச் சிரமமாக இருந்திருக்கும். குடைக்காரர் அவரை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. தண்ணி குடி," என்றார். குடித்தேன்.

"ஆட்டம் நல்லா நடத்தின. கார்டு எடுத்த இடமெல்லாம் கரெக்ட். ஒரே ஒரு விஷயம். சங்கு ஊதினப்போ நீ நின்னுட்ட. நான் பாத்தேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நிலைமையைப் பாக்கறதுக்காக நின்னியா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே ஆமாம் சார் என்று சொல்ல ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். அந்த மனிதருக்கு என்மேல் இரக்கம் இருந்தது. என் வயதும் அவருக்குத் தெரியும்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேட்ஜ் எனக்கு. வாயில் வந்தும்விட்டது. ஆனால் பார்ப்பதற்காக நின்றேன் என்றால், சங்கு என்னை ஒன்றும் செய்யவில்லை என்றாகிறது. நடுவரையே ஒன்றும் செய்யாத சத்தம் ஆட்டக்காரிகளை எப்படி நிறுத்தும் என்று பயிற்சியாளர் கேட்பார். அந்தக் கோல் செல்லுபடியாகிவிடும், அந்தப் பெண்கள் வெளியே போய்விடுவார்கள். என் முடிவுக்கு நான் வைத்திருந்த ஒரே சாட்சி என் கால்தான். எனக்கு அந்த நிமிடத்தில் வந்தது பெருந்தன்மை இல்லை, எரிச்சல். சங்கை நிறுத்தாத கம்பெனிமேல், பழக்கத்தை விடாத அந்தப் பெண்கள்மேல், அதைவிட என் கால்கள்மேல்.

"இல்ல சார். நானா நிக்கல. காலு தானா நின்னுடுச்சி. இந்தப் பக்கம் பொறந்த யாருக்கும் அப்டித்தான் நிக்கும். அவங்களும் அதான் நின்னாங்க," என்றேன்.

அவர் குடையைக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார். "அப்போ உன் முடிவு சரி. புகாரைத் தள்ளிடுவேன். ஆனா நீ நின்னதையும் நான் எழுதணும்மா. நாளைக்குக் கொல்கத்தாவுல ஸ்டேடியமே கத்தும், பட்டாசு வெடிப்பான், எவனாவது ஹாரன் அடிப்பான். சத்தத்துக்கு நிக்கிற ரெஃப்ரிய நான் எப்டி மேல அனுப்பறது?"

அதுவும் சரிதான். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும், கிடைக்கவில்லை.

வெளியே வந்தபோது உள்ளூர் கேப்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ்கா. நம்ம ஊரு ஆளுன்றதால புரிஞ்சிக்கினீங்க," என்றாள். நம்ம ஊரு ஆள் என்பதால்தான் பேட்ஜைத் தவறவிட்டேன் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "விசில் கேக்குற வரைக்கும் ஆடணும்டி, எருமை," என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கும் சிரித்தாள். ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கிண்டல் செய்யாமல் கேட்டார். அவர் அப்படி இருப்பது அபூர்வம். பிறகு, "தில்லிக்காரனுக்கு நம்ம சங்கு எப்டி தெரியும்?" என்றார். "அவனுக்கு எதுக்குத் தெரியணும், எனக்குத் தெரியாம இருந்திருக்கணும்," என்று அவர்மேல் பாய்ந்தேன். அன்று சமையல் அவர்தான்.

பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. வாணியம்பாடிப் பெண்கள் லீக்கில் ஆடினார்கள், நிறையத் தோற்றார்கள், ஒன்றிரண்டு ஜெயித்தார்கள். ஜெயித்த அன்றெல்லாம் கேப்டன் எனக்குப் போன் செய்வாள். ஒரு தடவை எங்கேயோ எதிர் அணிக்காரி ஆஃப்சைடு என்று கையைத் தூக்கி நின்றும், விசில் கேட்காததால் தான் நிற்காமல் ஓடிப்போய் கோல் போட்டதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

நான் விசிலை விடவில்லை. போன மாதம் ஆம்பூரில் எங்கள் கம்பெனிக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் கம்பெனிகளுக்கு இடையிலான ஆட்டம், நான் லீவு போட்டிருந்தேன். அது எந்தச் சங்கத்திலும் பதியாத ஆட்டம், ஜெயித்தவர்களுக்குப் பிரியாணி. ஆட்டத்தின் நடுவில் சங்கு ஊதியது. பந்து நின்றது. பையன்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள், கேட் திறந்தது, பெண்கள் பையோடு வரத்தொடங்கினார்கள். நான் மட்டும் நிற்கவில்லை. சங்கு ஊத ஆரம்பித்ததிலிருந்து கோட்டுக்குக் கோடு, ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு, பின்னால் பார்த்தபடியும் பக்கவாட்டிலும், புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி ஓடினேன். கால் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. வரப்போகிறவர்களுக்கு முன்னால் புகுந்து, வந்துவிட்டவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஷாமியானா இல்லை, குடை இல்லை.

எங்கள் லைன் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இன்னாக்கா, பஸ்சுக்கா இந்த ஓட்டம்?" என்று கத்தினாள்.

"இல்லடி, சும்மாத்தான்," என்றேன். மூச்சு வாங்கியது.